அம்மாவின் எடை 14 கிலோ குறைந்தது, எலும்பு அடர்த்தியும் குறைந்துவிட்டதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரைக்காகவும் முழங்கால் வலிக்காகவும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, தினமும் நடந்து, இரண்டு வருடத்தில் 82 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்திருக்கிறார். அதே சென்டரில், அதே மெஷினில் இரண்டு தடவை, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள். இடுப்பு மூட்டு மொத்த அளவு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) முதலில் 0.842, இப்போது 0.806. முதுகுத்தண்டு 0.952 இருந்தது, இப்போது 0.968. முதல் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘ஆஸ்டியோபீனியா’, அதாவது எலும்பு அடர்த்தி ஓரளவு குறைவு. "உடம்பு இளைத்ததால் மெஷின் தப்பாகக் காட்டுகிறதா, நிஜமாகவே எலும்பு போய்விட்டதா? முதுகில் கூடியிருக்கிறதே, அப்படியானால் பயப்பட வேண்டியதில்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பதினைந்து வருடமாக டெக்ஸா டேபிளுக்குப் பக்கத்தில் நிற்கும் ரேடியோகிராஃபர். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் இடுப்பில் குறைந்ததைச் சந்தேகப்பட்டு, முதுகில் கூடியதை நினைத்து ஆறுதல் அடைகிறீர்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். குறைந்த எண்ணில் பெரும்பகுதி நிஜமாக இருக்கத்தான் வாய்ப்பு. நம்ப முடியாதது கூடிய எண்தான்.

ஏன் என்று புரிய, இந்த மெஷின் எலும்பை எப்படி ‘நிறுக்கிறது’ என்று தெரிய வேண்டும்.

முன்பெல்லாம் எண்ணெய்க் கடைக்குத் தூக்குச்சட்டி எடுத்துக்கொண்டு போவோம். கடைக்காரர் வெறும் தூக்கை முதலில் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றி நிறுத்து, தூக்கின் எடையைக் கழித்துக்கொள்வார். டெக்ஸாவும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. எலும்பு எண்ணெய், சதையும் கொழுப்பும் தூக்கு. ஆனால் ஒரு சிக்கல். எலும்பு இருக்கும் இடத்தில் எலும்பை எடுத்துவிட்டு வெறும் சதையை மட்டும் நிறுக்க வழியில்லை. அதனால் மெஷின் பக்கத்தில், எலும்பே இல்லாத இடத்தில் இருக்கும் சதையை அளந்து, ‘எலும்புக்கு முன்னும் பின்னும் இருப்பதும் இதே மாதிரிச் சதைதான்’ என்று வைத்துக்கொண்டு கழிக்கிறது. பக்கத்து வீட்டுத் தூக்கை நிறுத்து, உங்கள் தூக்கும் அதே எடைதான் என்று கணக்குப் போடுகிற மாதிரி.

டெக்ஸாவில் இரண்டு விதமான ஆற்றலில் எக்ஸ்ரே போகிறது. இரண்டு கதிர் இருந்தால் இரண்டு பொருளைத்தான் பிரிக்க முடியும். உடம்பிலோ மூன்று இருக்கின்றன: எலும்புத் தாது, தசை, கொழுப்பு. தசையில் பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பில் கார்பனும் ஹைட்ரஜனும் அதிகம். குறைந்த ஆற்றல் கதிரைக் கொழுப்பு அவ்வளவாகத் தடுக்காது, தசை அதைவிடத் தடுக்கும், கால்சியமும் பாஸ்பரஸும் நிறைந்த எலும்பு நன்றாகவே தடுக்கும். மூன்று பொருள், இரண்டு சமன்பாடு. மீதி ஒன்றுக்குத்தான் அந்தப் பக்கத்துத் தூக்கு ஊகம். 1980களின் கடைசியில் இந்த மெஷின்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து இது தெரிந்த குறைதான். சாஃப்ட்வேர் எவ்வளவோ மாறியும் அடிப்படை ஊகம் மாறவில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. ஒருவர் குண்டா ஒல்லியா என்பதால் மட்டும் பெரிய தப்பு வருவதில்லை. எலும்பின் மேல் இருக்கும் கொழுப்புக்கும் பக்கத்தில் இருக்கும் கொழுப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் தப்பை உண்டாக்குகிறது. எலும்பின் மேல் கொழுப்பு அதிகமாகவும் பக்கத்தில் குறைவாகவும் இருந்தால், மெஷின் தேவைக்கு மேல் கழித்துவிடும். எலும்பு குறைவாகத் தெரியும். பக்கத்தில் கொழுப்பு அதிகமாக இருந்தால் கழிப்பது போதாது. எலும்பு கூடுதலாகத் தெரியும். உடம்பு முழுக்க ஒரே சீராக இளைத்தால் இரண்டு ஸ்கேனிலும் ஏறக்குறைய ஒரே தப்பு இருக்கும், ஒப்பிடும்போது அடிபட்டுப் போகும். யாருக்காவது உடம்பு சீராக இளைக்கிறதா? ஒருவருக்கு முகம் முதலில் வற்றும், ஒருவருக்கு வயிறு, ஒருவருக்குத் தொடை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எடின்பரோவில் பீட்டர் டாட்ஹில்லும் சகாக்களும், எடை மாறும்போது முழு உடல் ஸ்கேனில் எலும்புக் கணக்கில் வரும் முரண்பாடுகளைப் பற்றி 1997இல் எழுதினார்கள். அதற்குப் பன்றிக் கொழுப்பையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2012இல் பாஸ்டனில் வெளியான ஆய்வில், ஆட்களைச் சாதாரணமாக ஒரு தடவையும், உடம்பைச் சுற்றிக் கொழுப்பு அடுக்கு வைத்து இன்னொரு தடவையும் ஸ்கேன் செய்தார்கள். அரை மணி நேரத்தில் யாருக்கும் எலும்பு கூடவோ குறையவோ செய்யாது. ஆனாலும் எண் மாறியது. சிடி வழியாக அடர்த்தி பார்க்கும் முறையிலும் மாறியது என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். அதனால் ‘டெக்ஸாவை விட்டுவிட்டு சிடி எடுத்தால் சரியாகத் தெரிந்துவிடும்’ என்று யாராவது சொன்னால், முழுசாக நம்பிவிட வேண்டாம். கதிர்வீச்சும் அதில் கூடுதல்.

இப்போது அம்மாவின் முதுகுத்தண்டுக்கு வருகிறேன். 0.952லிருந்து 0.968. ஏற்றம் 1.7 சதவீதம். 61 வயதில், எலும்புக்கு மருந்து எதுவும் எடுக்காமல், 14 கிலோ இளைத்த ஒருவருக்கு முதுகெலும்பு நிஜமாக வலுக்கூடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. எண் கூடுவதற்கு மட்டும் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. இந்த வயதில் முதுகெலும்பு ஓரங்களில் எலும்பு முளை வளரும். மெஷினுக்கு அதுவும் எலும்புதான். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். ஸ்கேன் அன்று காலையில் கால்சியம் மாத்திரை போட்டிருந்தால், அது கரையாமல் குடலில் கிடந்து முதுகெலும்பின் மேல் விழும். நான் ஒரு அம்மாளின் ஸ்கேனில் மூன்றாவது இடுப்பு முதுகெலும்புக்குப் பக்கத்தில் வட்டமாகப் பொட்டு வைத்த மாதிரி ஒன்று வெள்ளையாகத் தெரியப் பார்த்திருக்கிறேன். "காலையில் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டதும், "எலும்பு ஸ்கேன்தானே, அதான் எலும்பு மாத்திரையை மறக்காம போட்டுட்டு வந்தேன்" என்றார். இதற்கெல்லாம் மேலே வயிற்றுக் கொழுப்பு. சிறுநீரகத்தைச் சுற்றி, முதுகெலும்பின் இரு பக்கமும் இருக்கும் கொழுப்புதான் மெஷின் அளக்கும் ‘பக்கத்துத் தூக்கு’. 14 கிலோவில் அங்கே எவ்வளவு போனது, எலும்புக்கு நேர் முன்னால் எவ்வளவு போனது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, 1.7 சதவீதம் என்பது கணக்கிலேயே சேராது. ஒரே ஆளை டேபிளில் படுக்க வைத்து ஸ்கேன் செய்து, எழுப்பி நிற்க வைத்து, மறுபடி படுக்க வைத்து எடுத்தால் எண் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை ஒவ்வொரு சென்டரும் அளந்து வைத்திருக்க வேண்டும். முப்பது பேரை இரண்டு தடவை, அல்லது பதினைந்து பேரை மூன்று தடவை எடுத்து, வரும் பிழையை 2.77ஆல் பெருக்கினால் கிடைப்பதை எல்.எஸ்.சி. (least significant change) என்பார்கள். இதைத் தாண்டினால்தான் மாற்றம் என்றே பேச வேண்டும். எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கான ஐ.எஸ்.சி.டி. என்ற சர்வதேச அமைப்பு, டெக்னீஷியனின் பிழைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதுகுக்கு 1.9 சதவீதம், அதாவது எல்.எஸ்.சி. 5.3. இடுப்பு மொத்தத்துக்கு 1.8, எல்.எஸ்.சி. 5.0. தொடை எலும்பின் கழுத்துக்கு 2.5, எல்.எஸ்.சி. 6.9.

அம்மாவின் இடுப்பில் 0.036 குறைந்திருக்கிறது. அது 4.3 சதவீதம். சுமாரான சென்டர் என்றால், எல்.எஸ்.சி. 5.0க்குள் வருவதால் ‘மாற்றம் உறுதியில்லை’ என்று எழுத வேண்டும். கவனமான டெக்னீஷியன், பிழை 1.2 சதவீதம்தான் என்றால் எல்.எஸ்.சி. 3.3, அப்போது இது நிஜமான குறைவு. ஒரே எண் ஒரு சென்டரில் செய்தி, இன்னொரு சென்டரில் வெறும் சத்தம். உங்கள் ரிப்போர்ட்டில் எல்.எஸ்.சி. அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். "அப்படின்னா என்ன சார்?" என்று பதில் வந்தால், அடுத்த ஸ்கேனுக்கு வேறு இடம் பார்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

ரிப்போர்ட் படிக்கிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்த எல்.எஸ்.சி.யிலேயே ஒளிந்திருக்கிறது. அந்த முப்பது பேரின் இரண்டு ஸ்கேனும் ஒரே நாளில் எடுக்கப்படுகின்றன. படுத்த விதம் மாறலாம், கால் திருப்பிய விதம் மாறலாம். உடம்புக் கொழுப்பு மாறாது. அதனால் எடை மாறியதால் வரும் பிழை எல்.எஸ்.சி.க்குள் அடங்கவே இல்லை. 2 கிலோ ஏறி இறங்குகிறவருக்கு இது பொருட்டில்லை. 14 கிலோ, அதாவது உடம்பில் 17 சதவீதம் போன ஒருவருக்கு எல்.எஸ்.சி.யை வேதவாக்காக எடுக்க முடியாது. பத்து சதவீதத்துக்கு மேல் எடை மாறியிருந்தால் நான் ரிப்போர்ட்டின் அடியில் ‘எடை மாற்றத்தைக் கருத்தில் கொண்டு பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். இது எந்த விதிமுறையிலும் இருக்கிற எண் இல்லை, என் பழக்கம்.

அப்படியானால் இடுப்பில் குறைந்ததும் கொழுப்பு செய்த மாயம்தானா? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

82 கிலோவில் அம்மா முதல் தடவை படுத்ததை நினைத்துப் பாருங்கள். வயிறு பருமனாக இருப்பவர்கள் மல்லாந்து படுத்தால், தொப்பையின் கீழ் மடிப்பு தொடைச்சந்தின் மேல் வந்து உட்காரும். தொடை எலும்பின் கழுத்து இருப்பது அங்கேதான். நல்ல டெக்னீஷியன் "அம்மா, வயித்தைக் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடிச்சுக்கோங்க" என்று கையால் பிடிக்கச் சொல்வார், இல்லை அகலமான துணிப்பட்டையால் மேலே இழுத்துக் கட்டுவார். அவசரத்தில் இருப்பவர் விட்டுவிடுவார். மடிப்பு எலும்பின் மேல் விழுந்து, பக்கத்துச் சதையின் மேல் சரியாக விழாமல் போனால், எலும்பு குறைவாகக் காட்டும் என்று மேலே சொன்னேன். ஆக, அந்தத் தப்பு முதல் ஸ்கேனில் நடந்திருந்தால், நிஜத்தில் அப்போது இருந்ததைவிடக் குறைவாகத்தான் 0.842 காட்டியிருக்கும். மடிப்பு போன பிறகு எடுத்த 0.806 நிஜத்துக்கு நெருக்கம். அதாவது நிஜக் குறைவு 4.3ஐ விட அதிகமாகக்கூட இருக்கலாம்! கொழுப்பால் வரும் பிழை, இல்லாத குறைவை இருப்பதாகக் காட்டுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிற குறைவை மூடி மறைக்கவும் அதனால் முடியும்.

தொப்பை மடிப்பு நடந்ததா இல்லையா என்பதை ஊகிக்கவே வேண்டாம். ஸ்கேன் படத்தில் தெரியும். மடிப்பின் ஓரம் இடுப்பு எலும்பின் குறுக்கே சாய்வாக மங்கல் கோடாக ஓடும். இரண்டு வருடப் படமும் சென்டர் கம்ப்யூட்டரில் இருக்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல, படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரும் குழம்புகிறோம். "ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை பாருங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிப் பார்க்கும்போது இன்னும் சிலவும் தெரியும். இடுப்பு ஸ்கேனில் பாதத்தை உள்பக்கமாக 15 முதல் 25 டிகிரி திருப்பிக் கட்டுவோம். சரியாகத் திருப்பியிருந்தால் தொடை எலும்பின் உள்பக்கத்து முடிச்சு லேசாக மட்டும் தெரியும். ஒரு படத்தில் லேசாகவும் இன்னொன்றில் பெரிதாகத் துருத்திக்கொண்டும் இருந்தால் ஒப்பீடே செல்லாது. தொடை பெருத்தவர்களுக்குக் கால் முழுசாகத் திரும்பாது, இளைத்த பிறகு நன்றாகத் திரும்பும். எடை மாற்றம் இப்படிக் கொல்லைப்புற வழியாகவும் எண்ணுக்குள் நுழையும்.

இன்னொரு கொல்லைப்புறம், ஸ்கேன் மோடு. சில மெஷின்களில் வயிற்றின் கனத்தைப் பொறுத்து மெல்லிய, சாதாரண, தடித்த என்று மூன்று மோடு உண்டு. ஒரு பிரபல கம்பெனி மெஷினில் 25 சென்டிமீட்டருக்கு மேல் கனம் என்றால் தடித்த மோடு. எடை போட்டதும் மெஷினே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். என் ஆரம்ப காலத்தில், ஸ்டீராய்டு எடுத்து 11 கிலோ கூடிய ஒருவருக்கு மெஷின் சொன்ன மோடிலேயே எடுத்து அனுப்பிவிட்டேன். போன தடவை எந்த மோடு என்று பார்க்கவில்லை. டாக்டர் போன் செய்து, "முதுகு இவ்வளவு மாறியிருக்கே, என்னப்பா?" என்றார். மறுநாள் வரவழைத்து, பழைய மோடிலும் ஒரு தடவை எடுத்தேன். மாற்றத்தில் பாதி காணாமல் போயிற்று. அந்த நபர் பஸ் ஏறி இரண்டாவது தடவை வந்தது என் தப்பால். டெக்ஸாவின் கதிர்வீச்சு மிகக் குறைவு, சில மைக்ரோசீவர்ட்தான், அதனால் மறுபடி எடுத்ததில் ஆபத்தில்லை என்பது மட்டும் ஆறுதல். அன்றிலிருந்து முதல் ஸ்கேனின் மோடைப் பார்க்காமல் நான் பட்டனைத் தொடுவதில்லை.

காலையில் மெஷினைச் சோதிக்க ஒரு பிளாஸ்டிக் கட்டையை ஸ்கேன் செய்கிறோம், உள்ளே முதுகெலும்பு மாதிரி செய்து வைத்திருக்கும். ‘தினம் சரிபார்க்கிறோம், மெஷின் துல்லியம்’ என்று சென்டரில் சொன்னால் பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டைக்குத் தொப்பை கிடையாது, இளைப்பதும் கிடையாது.

சரி, நிஜமான குறைவு பக்கம் வருவோம். எடை குறைந்தால் எலும்பு குறையுமா? குறையும். சுமை குறைந்தால் எலும்புக்கு வேலை குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் கிடைத்துக்கொண்டிருந்தது, அதுவும் குறைகிறது. சாப்பாட்டோடு சேர்த்துப் புரதமும் கால்சியமும் குறைகின்றன. எனக்குப் பிடித்த ஆய்வு 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட பருமனானவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். உணவுக் கட்டுப்பாடு மட்டும் செய்தவர்களுக்கு எடை சுமார் 10 சதவீதம் குறைந்தது, இடுப்பு எலும்பு 2.6 சதவீதம் குறைந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு எடை 9 சதவீதம் குறைந்தது, எலும்போ 1.1 சதவீதம்தான். ஏறக்குறைய ஒரே அளவு எடை குறைந்தும், எலும்பில் பாதிக்கும் குறைவான இழப்பு. மாற்றம் முழுக்க கொழுப்பு செய்த கண்கட்டு வித்தை என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. என்ன உடற்பயிற்சி என்பதையும் கவனியுங்கள். நடை மட்டும் இல்லை, எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துத்தான்.

அம்மாவின் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 61 வயதில் எடை மாறாவிட்டாலும் இடுப்பில் வருடத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் போகும். இரண்டு வருடத்தில் ஒன்று முதல் இரண்டு. அந்த ஆய்வில் 10 சதவீத எடைக்கு 2.6 என்றால், 17 சதவீத எடை இழந்தவருக்கு மொத்தம் 4.3 என்பது நம்ப முடியாத எண்ணே இல்லை. அதனால்தான் முதலிலேயே குறைந்த எண்ணை நம்புவேன் என்றேன். கடைசிப் புள்ளி வரை இல்லை. 3 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம்.

எடைக் குறைப்புக்காகவே இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் கடுமை. அவர்களுக்கு எடை ஒரு நிலைக்கு வந்த பிறகும் எலும்பு கரைவது தொடர்வதைப் பார்த்திருக்கிறார்கள். எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது வந்துவிட்டன. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி என்று இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு, ஆறே மாதத்தில் உடை தொளதொளவென்று தொங்க வருகிறவர்கள் எங்கள் டேபிளிலும் கூடியிருக்கிறார்கள். வேகமாக எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் எடுப்பது, ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி தராசு பிடிக்கிற மாதிரி. ஊசி தொடங்கும் முன் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, எடை நிலைத்த பிறகு அடுத்தது எடுப்பது நல்லது.

ஆஸ்டியோபீனியா என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் வீட்டில் அதிகம் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1994இல் போட்ட கோடு அது. டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்ற கணக்கு. அது மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் என்றால் நார்மல், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆஸ்டியோபொரோசிஸ், நடுவில் இருப்பது ஆஸ்டியோபீனியா. அம்மா மைனஸ் 0.8லிருந்து மைனஸ் 1.1க்கு வந்திருக்கிறார். ஒரு பரிட்சையில் 36 வாங்கியவர் 34 வாங்கின கதை. பாஸ் ஃபெயில் மாறிவிட்டது, படிப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இரண்டு ஸ்கேனை ஒப்பிடும்போது டி-ஸ்கோரைப் பார்க்கவே கூடாது. கிராம் கணக்கில் உள்ள எண்ணை மட்டும் பாருங்கள். அதே மெஷினுக்குப் போனதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். இரண்டு பெரிய கம்பெனி மெஷின்களுக்கு நடுவே முதுகுத்தண்டு அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். மருந்துக் கடை வாசலில் குதிகாலை வைத்துப் பார்க்கும் இலவச கேம்ப் எண்ணை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அல்ட்ராசவுண்ட், வேறு ஜாதி.

டாக்டரிடம் என்ன பேசலாம்? அம்மா எப்போதாவது சாதாரணமாக விழுந்து மணிக்கட்டோ முதுகெலும்போ உடைந்திருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா என்பது இந்த 4.3ஐ விட முக்கியம். உடைந்திருந்தால் எண் நார்மலாக இருந்தாலும் கதை வேறு. அது இல்லையென்றால், இந்த ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து அவசரமாக எதையும் தொடங்குவார்கள் என்று தோன்றவில்லை. சந்தேகம் தீர வேண்டும் என்றால், முன்கையில் எடுக்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. மணிக்கட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள எலும்பைப் பார்ப்பது. அங்கே கொழுப்பு குறைவு என்பதால் எடை மாற்றம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. டேபிள் தாங்கும் எடையைத் தாண்டியவர்களுக்கும் அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு முன்கையில் பழைய ஸ்கேன் இல்லை, அதனால் இன்றைய நிலை மட்டும்தான் தெரியும், மாற்றம் தெரியாது. எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது, சிடிஎக்ஸ் என்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். அதில் கொழுப்பு வந்து குறுக்கிடாது என்பதால், ‘நிஜமா மாயமா’ என்ற உங்கள் கேள்விக்கு வேறு ஒரு கோணத்திலிருந்து பதில் கிடைக்கும். வைட்டமின் டி பார்க்கவில்லையென்றால் அதையும் கூடவே பார்த்துவிடலாம்.

எடையைக் குறைத்ததற்காக அம்மாவை யாரும் கடிந்துகொள்ளாதீர்கள். சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் அது செய்திருக்கும் நல்லது பெரியது. சாப்பாட்டைக் குறைத்த வேகத்தில் பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் குறைந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். பலர் வீட்டில் ‘டயட்’ என்றால் இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் காயும்தான். நடையோடு, வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி ஏதாவது சேர்க்க முடியுமா என்று பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள். முழங்கால் வலி இருப்பதால் தானாக ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்த ஸ்கேனை, எடை ஆறு மாதமாவது அசையாமல் நின்ற பிறகு, டாக்டர் சொல்லும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கால்சியம் மாத்திரை வேண்டாம். அதற்கு முந்தின வாரம் வேறு ஏதாவது ஸ்கேனுக்காகச் சாய மருந்து கொடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடையையும் உயரத்தையும் வாயால் கேட்டு எழுதிக்கொண்டால் விடாதீர்கள், ஏற்றி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய இரண்டு ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய், டேபிளில் ஏறும் முன்பே டெக்னீஷியனிடம் "82லிருந்து 68 ஆகியிருக்காங்க, போன தடவை எந்த மோடுன்னு பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். பிறகு அரைஞாண் கொடி, பாவாடை நாடா முடிச்சுக்குப் பக்கத்தில் குத்தி வைக்கும் சேஃப்டி பின், இரண்டும். இளைத்த பிறகு பழைய பாவாடை இடுப்பில் நிற்காது என்று இன்னொரு பின்னும் குத்தியிருப்பார். அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.